மட்டம் பார்த்தவர் எடை பார்க்கவில்லை

பிரயாண டிரெய்லரைப் பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டிக்கொண்டு கோடை விடுமுறையில் ஏரிக்கரைகளையும் மலையடிவாரங்களையும் நாடிச் செல்லும் அமெரிக்கக் குடும்பஸ்தர்களிடையே, ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் காதுக்குப் போய்ச் சேர்ந்து, எவராலும் பரிசோதிக்கப்படாமலே வேதவாக்கின் அந்தஸ்தைப் பெற்றுவிட்ட ஓர் அபிப்பிராயம் உண்டு. பூட்டிய வண்டியும் டிரெய்லரும் பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் மட்டமாக நிற்க வேண்டும். அவ்வாறு நிற்கச் செய்வதற்கு, கடையில் கிடைப்பவற்றுள் மிகவும் கனத்த ஸ்பிரிங் பார்களையுடைய வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்சை வாங்கி மாட்டிவிட வேண்டும். பாரின் கனம் கூடுதலானால் பத்திரமும் கூடுதல் என்பதே அது. விற்பவர் இதைச் சொல்கிறார். வாங்கியவர் இதையே அடுத்தவருக்குச் சொல்கிறார். டிரெய்லர் முகாம்களில் மாலை வேளையில் தீ மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் தங்கள் முப்பது வருஷ அனுபவத்தை முன்வைத்து இதற்குச் சாட்சி கூறுகிறார்கள். மிச்சிகன் மாகாணத்தில் குடியேறிய பிறகு டிரெய்லர் இழுக்கக் கற்றுக்கொண்ட நானும் இரண்டு கோடைக்காலம் இந்த மதத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். மட்டம், கனம் என்ற அதன் இரண்டு தூண்களும் பொய்த் தூண்கள் என்பதே இன்று என் வாதம்.

சாதனம் இன்னதென்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிக்கப்பின் பின்புறச் சட்டத்தில் ரிசீவர் என்னும் சதுரக் குழாய் ஒன்று இருக்கிறது; அதில் செருகப்படும் இரும்புத் தலையின் மேல் ஓர் உருண்டை; அந்த உருண்டையின் மேல் டிரெய்லரின் முன்முனை கவிழ்ந்து உட்காருகிறது. தலையின் அடியிலிருந்து இரண்டு உருக்குப் பார்கள் பின்னோக்கிச் சென்று, டிரெய்லரின் முக்கோணச் சட்டத்தோடு இரு பக்கத்திலும் சங்கிலியாலோ தாங்கியாலோ இழுத்துப் பிணைக்கப்படுகின்றன. பிணைக்கும்போது பார்கள் வில்லாக வளைகின்றன. அந்த வளைவின் விசை நெம்புகோலைப் போலப் பிக்கப்பின் பின்பக்கத்தை மேலே தூக்க முயல்வதால், பின் அச்சில் வந்து குவிந்த பாரத்தில் ஒரு பங்கு முன் அச்சுக்கும் இன்னொரு பங்கு டிரெய்லரின் சொந்த அச்சுகளுக்கும் போய்ச் சேருகிறது. ரீஸ், ஈக்வலைசர், ப்ளூ ஆக்ஸ் என்று பல பெயர்களில் விற்பனையாகும் இச்சாதனங்களின் தத்துவம் இவ்வளவே. பாரம் இடம் மாறுகிறது, மறைந்துபோவதில்லை.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மூட்டைகளை முன்னால் தள்ளி அடுக்கினால் முன்பாரம் ஏறி நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும்; பின்னால் தள்ளிவிட்டால் பின்பாரமாகி, ஏர்க்கால் மேலே எழும்பி, கழுத்துக்கயிறு தொண்டையை இறுக்கும். ஆகையால் வண்டிக்காரன் ஏர்க்காலைக் கையால் ஒரு முறை தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையை நகர்த்தி, மறுபடியும் தூக்கிப் பார்த்த பிறகே மாட்டைப் பூட்டுவான். அமெரிக்கர்கள் டங் வெயிட் என்று சொல்வது இந்த முன்பாரத்தைத்தான். உருண்டையில் பூட்டும் பிரயாண டிரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்பது அத்தொழிலில் நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அதற்குக் கீழே போனால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டத் தலைப்படும். நம் வண்டிக்காரன் பாரத்தைத் தூக்கிப் பார்த்தான். பிக்கப்காரர் விளம்பரத் தாளைப் பார்க்கிறார்.

அந்த விளம்பரத் தாளின் யோக்கியதையைச் சற்று ஆராய்வோம். (பவுண்டை நான் ராத்தல் என்றே எழுதுகிறேன், 2.2 ராத்தல் ஒரு கிலோ.) என் டிரெய்லரின் தாளில் முன்பாரம் 590 ராத்தல் என்று அச்சாகியிருந்தது. அது தொழிற்சாலை வாசலில் நின்ற வெற்று டிரெய்லரின் கணக்கு. முன்முனையின் மேலேயே உட்காரும் பாட்டரியும், இரண்டு எரிவாயு சிலிண்டர்களும், கட்டிலுக்கடியில் திணிக்கப்படும் நாற்காலிகளும், என் மனைவி விட்டுவர மறுக்கும் இட்லிக் கொப்பரையும் அதில் சேரவில்லை. குடிநீர்த் தொட்டி ஒன்றே போதும், கணக்கைக் கவிழ்க்க: 40 கேலன் தண்ணீரின் எடை ஏறக்குறைய 330 ராத்தல், தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் நிரப்பும்போது முன்பாரம் ஏறும், பின்னால் இருந்தால் இறங்கும். அச்சடித்த எண்ணை நம்பி ஹிட்ச் வாங்குகிறவர், ஜாதகத்தில் உள்ள எடையைச் சொல்லிச் சட்டைக்கு அளவு கொடுப்பவருக்குச் சமானம்.

எனக்கு விற்ற கடைக்காரரோ அந்த எண்ணைக்கூடக் கேட்கவில்லை. உள்ளே போய் 1,400 ராத்தல் தரமுள்ள பார்களைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, பெரிதாகவே இருக்கட்டும், நாளைக்குப் பெரிய டிரெய்லர் வாங்கினாலும் உதவும் என்று சொல்லி, சங்கிலியைக் கண்ணி கண்ணியாக ஏற்றிப் பிக்கப்பின் முதுகு நேராகும்வரை இறுக்கினார். பிறகு இருபது அடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓவியன் தன் படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துத் திருப்தி அடைந்தார். நானும் பக்கத்தில் நின்று திருப்தி அடைந்தேன் என்பதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. வண்டி அத்தனை அழகாக நின்றது.

அந்த அழகு ஓர் ஆவணி மாதத்து மழையில் கரைந்தது. மெக்கினா பாலத்தை நோக்கி வடக்கே செல்லும் ஐ-75 நெடுஞ்சாலையிலிருந்து பெட்ரோல் போடுவதற்காக இறங்கினேன். இறங்குபாதையின் வளைவில் வேகம் அதிகமில்லை. ஆயினும் பிரேக்கை மிதித்த கணத்தில் பிக்கப்பின் பின்பக்கம் ஒரு சாண் அளவுக்கு வெளிப்புறமாக நழுவி, யோசித்து, திரும்பி வந்தது. விபத்து ஒன்றும் இல்லை. பின்சீட்டில் இருந்த பிள்ளைகள் கவனிக்கக்கூட இல்லை. என் உள்ளங்கைகள் மட்டும் வெகுநேரம் ஈரமாக இருந்தன.

அந்த நிறுத்தத்திலேயே லாரிகளுக்கான எடைமேடை ஒன்று இருந்தது. 1977-இல் ஐயோவா மாகாணத்தில் தொடங்கப்பட்ட கேட் ஸ்கேல் கம்பெனியின் மேடைகள் அந்நாட்டு லாரி நிறுத்தங்களில் பரவலாகக் காணப்படுகின்றன; ஒரு மேடை மூன்று பலகைகளாகப் பிரிந்திருப்பதால் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் ஆகிய மூன்றின் எடையும் தனித்தனியே ஒரே சீட்டில் வந்துவிடும். நான் மூன்று முறை ஏறினேன்: பார்களை இறுக்கியபடி ஒரு முறை, பார்களை அவிழ்த்துவிட்டு ஒரு முறை, டிரெய்லரை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுப் பிக்கப் மட்டும் ஒரு முறை. அந்த மூன்று சீட்டுகளும் இப்போது என் எதிரில் இருக்கின்றன.

பிக்கப் தனியாக: முன் அச்சில் 3,180, பின் அச்சில் 2,760. டிரெய்லரைப் பூட்டி, பார்களை அவிழ்த்த நிலையில்: முன் அச்சு 2,840, பின் அச்சு 3,920. கூட்டிக் கழித்தால் முன்பாரம் 820 என்பது வெளிப்பட்டது. தாளில் அச்சான 590 அன்று. உருண்டை பின் அச்சுக்கு ஐந்தடி பின்னால் இருப்பதால், 820 ராத்தலும் பின் அச்சில் ஏறியதோடு நில்லாமல், ஏற்றப் பலகையின் ஒரு நுனியை அமுக்கினால் மறுநுனி எழும்புவதுபோல முன் அச்சிலிருந்தும் 340 ராத்தலைப் பிடுங்கிப் பின்னால் போட்டுவிட்டது. திசை திருப்புவதும் பெரும்பகுதி பிரேக் பிடிப்பதும் முன்சக்கரங்களே ஆதலால் இது பொல்லாத நிலை. பின் அச்சோ தனக்கு விதித்த 3,800 என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. ஹிட்ச் அவசியமே இல்லை என்று சாதிக்கும் வீரர்கள் இந்தச் சீட்டைப் பார்க்கலாம். என் வாதம் அவர்களுக்கு அனுகூலமானதன்று.

ஆனால் கடைக்காரர் அழகாக இறுக்கிக் கொடுத்த நிலையின் சீட்டு என்ன சொல்லிற்று? முன் அச்சு 3,280. அதாவது டிரெய்லரே இல்லாமல் நின்றபோது இருந்ததைவிட 100 ராத்தல் அதிகம். பின் அச்சு 3,260. எஞ்சிய 220 ராத்தல் டிரெய்லரின் அச்சுகளுக்குப் போயிருந்தது. இழந்ததை மீட்பதற்காக வாங்கிய சாதனம் வட்டியும் முதலுமாக வசூலித்துவிட்டது! டிரெய்லர் வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்க வேண்டியவை பின்சக்கரங்கள். சாலையைப் பற்றும் சக்தி அவற்றின் மேல் உள்ள பாரத்தைப் பொறுத்தது. தாங்க வேண்டிய வேலையை அவற்றிடம் விட்டுவிட்டுப் பாரத்தை மட்டும் அபகரித்துக்கொண்டால் மழைநாளில் அவை நழுவாமல் என்ன செய்யும்? இத்தனையும் நடந்தது, பக்கவாட்டில் நின்று பார்த்தால் தேர்போல் மட்டமாக நின்ற வண்டியில்.

கண்ணுக்கு மட்டமாகத் தெரிவது அச்சுகளின் பாரத்துக்குப் பிரமாணமாகாது என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் ஒன்று உண்டு. பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஏர் பேக் என்னும் காற்றுப் பைகளை வைத்து ஊதினால், எந்த ஹிட்சும் இல்லாமலே தாழ்ந்த முதுகு நிமிர்ந்துவிடும். வண்டி மட்டமாகும், ஆனால் முன் அச்சு இழந்த 340 ராத்தலில் ஒரு கைப்பிடிகூடத் திரும்பி வராது, ஏனெனில் காற்றுப் பை உயரத்தை மாற்றுமே அன்றி நெம்புகோலின் கணக்கை மாற்றாது. ஒரே மட்டத்தில் நிற்கும் மூன்று வண்டிகளில் ஒன்றுக்கு முன் அச்சுப் பாரம் குறைந்தும், ஒன்றுக்கு மிகுந்தும், ஒன்றுக்குச் சரியாகவும் இருக்கக்கூடும். கண் மூன்றையும் ஒன்றென்றே சொல்லும்.

இந்த மட்ட வழிபாடு எங்கிருந்து வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1960-களில் அமெரிக்கர்கள் டிரெய்லர் இழுத்தது மெத்தென்ற ஸ்பிரிங்குகளுள்ள நீண்ட செடான் கார்களால். முன்பாரம் ஏறியதும் அவற்றின் பின்பக்கம் சாலையைத் தொடும். முகப்பு விளக்குகள் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். முன்னும் பின்னும் ஒரே அளவு தாழும்படி இறுக்கு என்ற உபதேசம் அந்தக் கார்களுக்குப் பொருத்தமாகவே இருந்தது. கார் போய்ப் பிக்கப் வந்தது, ஸ்பிரிங் மாறியது, அச்சுகளின் இடைவெளி மாறியது, உபதேசம் மட்டும் மாறவில்லை. இதற்கிடையே எஸ்ஏஇ என்னும் வாகனப் பொறியாளர் சங்கம் 2008-இல் ஜே2807 என்ற அளவைமுறையை வெளியிட்டு, அதுவரை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டம்போல் அறிவித்துவந்த இழுவைத் திறனுக்கு ஒரு பொது இலக்கணம் வகுத்தது. அதை முதலில் ஏற்றது 2011-ஆம் வருஷத்து டண்ட்ராவுக்கு டொயோட்டா கம்பெனி. ஹிட்ச் மட்டத்தை மீட்டதா என்பதைவிட, இழந்த முன் அச்சுப் பாரத்தில் எத்தனை பங்கை மீட்டது என்பதே இப்படி அளந்து பார்க்கும் பொறியாளரின் கேள்வி. இன்றைய பிக்கப் கையேடுகள் சிலவற்றைப் புரட்டினால், முழுவதையும் மீட்காதே, ஏறக்குறையப் பாதியோடு நிறுத்து என்று எழுதியிருப்பதைக் காணலாம். முன்சக்கரத்து மட்கார்டின் உயரத்தைப் பூட்டுவதற்கு முன் ஒரு தடவையும், பார் இல்லாமல் பூட்டியபின் ஒரு தடவையும் அளந்து, இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும்படி பாரை இறுக்கச் சொல்கிறார்கள். பாதி மீட்கப்பட்ட வண்டியின் பின்பக்கம் சிறிது தாழ்ந்துதான் நிற்கும். முகாமில் யாராவது வந்து, அண்ணா, உங்கள் வண்டி குந்தியிருக்கிறதே என்று நிச்சயம் சொல்லுவார்கள்.

இனி, கனத்த பாரே பத்திரம் என்ற இரண்டாவது தூண். இந்தப் பிழையின் வேர், கயிற்றின் கணக்கையும் வில்லின் கணக்கையும் ஒன்றாகக் கருதுவதில் இருக்கிறது. ஆயிரம் ராத்தல் தாங்கும் கயிற்றுக்குப் பதில் இரண்டாயிரம் ராத்தல் தாங்கும் கயிற்றை வாங்கினால் நஷ்டம் ஒன்றுமில்லை. எஞ்சிய பலம் ஆபத்துக் காலத்துச் சேமிப்பு. இழுக்கும் சங்கிலிக்கும் உருண்டைக்கும் இந்த நியாயம் செல்லும். ஸ்பிரிங் பாரோ கயிறு அன்று, வில். அதன் மேல் பொறித்த 1,400 என்பது அறுபடாத எல்லையை மட்டுமன்றி, அது எவ்வளவு விறைப்பானது என்பதையும் கூறுகிறது. விறைப்பான வில் ஒரு விரற்கடை வளைந்தாலே பெரும் விசையைத் தரும். இளகிய வில் அதே விசையைத் தர நன்றாக வளையும். சாலை சமதரையாக இருக்குமானால் இரண்டும் ஒன்றே. ஆனால் பிக்கப்பின் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும், பெட்ரோல் பங்கின் சரிவில் வண்டியும் டிரெய்லரும் இடையில் மடியும்போதும், பாரின் வளைவு சில விரற்கடை கூடியும் குறைந்தும் போகிறது. நன்றாக வளைந்த வில்லுக்கு அது அற்பமான மாறுதல். கொஞ்சமே வளைந்த விறைப்பான வில்லுக்கு அது விசை இரட்டிப்பதும் இல்லாமற்போவதுமான விபரீதம். காருக்கு லாரியின் பட்டை ஸ்பிரிங்கைப் போட்டால் பத்திரம் கூடும் என்று யாரும் சொல்வதில்லை; ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் வந்து அடிக்கும் என்பது தெரிந்த விஷயம். மிதமிஞ்சிய பார் மாட்டிய டிரெய்லருக்கு அந்த முதுகெலும்பு அதன் முன்சட்டம்தான். மெல்லிய சட்டமுள்ள டிரெய்லர்களில் வெல்டிங் ஓரங்களும் முன்சுவரின் ஆணிகளும் அந்த அடிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வருகின்றன.

கனத்த பாரையும் தளர்த்தி மாட்டலாமே என்பார்கள். மாட்டலாம், ஆனால் சங்கிலியின் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே நிற்க இடமில்லை. விறைப்பான பாரில் ஒரு கண்ணி என்பது பெரிய தாவல். எனக்கு வேண்டியிருந்த பாதி மீட்சி இரண்டு கண்ணிகளுக்கு நடுவில் எங்கோ விழுந்தது. ஆகவே நான் 1,000 ராத்தல் பார்களுக்கு மாறினேன். நிறுத்துப் பார்த்த 820-க்குச் சற்று மேலே, பிக்கப்பின் பெட்டியில் பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் சாமான்களையும் சேர்த்து எண்ணி, அதற்கு அடுத்த தரம் எதுவோ அதுவே நமக்குரியது. ஹிட்ச் செய்பவர்களின் குறிப்புகளிலேயே இந்தக் கூட்டல் சொல்லப்பட்டிருக்கிறது, படிப்பவர்தான் அருமை. தலையின் சாய்வை ஒரு வாஷர் குறைத்து, மறுபடியும் மேடை ஏறினேன். முன் அச்சு 3,020, பின் அச்சு 3,660, டிரெய்லருக்கு 80. இழந்த 340-இல் 180 திரும்பியிருந்தது, பின் அச்சும் எல்லைக்குள் வந்துவிட்டது. அதன் பிறகு அதே வளைவில் அதே மழையில் இறங்கியிருக்கிறேன். சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

ஹிட்ச் வாங்கினால் வண்டியின் இழுவைத் திறன் கூடும் என்ற நம்பிக்கையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ரிசீவரின் சீட்டில், இச்சாதனம் இல்லாவிட்டால் முன்பாரம் 500 ராத்தல் என்றும், இருந்தால் அதைவிடக் கணிசமான ஓர் எண்ணும் எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் இவ்விதம் மயங்குகிறார்கள். அது ரிசீவருக்குக் கிடைத்த சலுகை. அச்சுக்கும் டயருக்கும் கிடைத்ததன்று. ஓட்டுநர் கதவின் நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டு, ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகலாகாது என்கிறது. என் வண்டிக்கு அது 1,600. நாங்கள் நால்வரும் 620, முன்பாரம் 820, ஹிட்ச்சின் சொந்தக் கனம் 100. எஞ்சிய 60 ராத்தலில் ஐஸ் பெட்டியை ஏற்றுவதா, நாயை ஏற்றுவதா என்று எங்கள் வீட்டில் ஒரு சர்ச்சையே நடந்தது. வாலாட்டத்துக்கும் ஹிட்சே மருந்து என்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கலாம்: சாமான்களை எல்லாம் பின்னால் திணித்து முன்பாரத்தை 8 சதவீதமாக்கிவிட்ட டிரெய்லரை, ஆட்டத்தை அடக்க ஹிட்சோடு பொருத்தும் உராய்வுத் தகடு எத்தனை நாழிகை பிடித்து வைத்திருக்கும்?

இவ்வளவுக்கும் நேரம் ஏது, எடைமேடைக்கெல்லாம் யார் போய் நிற்பது என்பதே கடைசியில் எஞ்சும் ஆட்சேபம். சென்ற கோடையில் செயின்ட் இக்னேஸ் அருகே ஒரு முகாமில் எங்களுக்கு அடுத்த இடத்தில் வந்து இறங்கியவர் இதைத்தான் சொன்னார். டிரெய்லரில் உள்ள எரிவாயுக் குளிர்ப்பெட்டி மட்டமாக நின்றாலொழியச் சரியாக வேலை செய்யாது. ஆகவே அவர் வாசற்படியில் ரசமட்டத்தை வைத்து, ஒரு பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் பலகைகளைக் கொடுப்பதும் எடுப்பதுமாக, மனைவி கையசைக்கக் கையசைக்க முன்னும் பின்னும் நகர்த்தி, குமிழி நடுவுக்கு வந்து நிற்கும்வரை முக்கால் மணி நேரம் பாடுபட்டார். மேடையில் எனக்கு ஆனதும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தவரிடம், உங்கள் முன்பாரம் எவ்வளவு என்று விசாரித்தேன். ஒரு நிமிஷம் இருங்கள் என்று எழுந்து உள்ளே போய், விளம்பரத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார்.